எனக்குப் பின்னால் வந்தவன்

கையை அசைக்காதீர்கள் சார். ஊசி குத்திய கை அசைந்தால் மெஷின் கத்தும். மெஷின் கத்தினால் எஸ்தர் சிஸ்டர் கத்துவார். இரண்டில் மெஷினே தேவலை.

முதல் தடவையா? பார்த்தாலே தெரிகிறது. வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்க்கிறீர்கள். உடம்பு ரத்தம் இந்தக் குழாய் வழியாக வெளியே வந்து, அந்த உருளைக்குள் சுத்தமாகி, திரும்ப உள்ளே போக வேண்டும். நாலு மணி நேரம். நானும் இத்தனை வருஷமாகக் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். அந்த முள் ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதில்லை.

நீங்கள் படுத்திருக்கிற கட்டிலில் இதற்கு முன்னால் இருந்தவன் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டான். அவன் பேர் நாச்சிமுத்து. போன மாசம் செத்துப்போனான். அட, பதறாதீர்கள் சார், இந்தக் கட்டிலில் சாகவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் செத்தான். விரிப்பெல்லாம் மாற்றிவிட்டார்கள்.

அவனைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மாரப்பன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். நாச்சிமுத்துவும் அங்கேதான். ஆனால் அவன் எனக்குப் பின்னால் வந்தவன். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பின்னால் வந்தவன். கள்ளிமந்தயம் பக்கமிருந்து ஒட்டடைக் குச்சி மாதிரி ஒரு உடம்போடு வந்து நின்றான். துண்டைச் சுருட்டித் தலையில் எப்படி வைப்பது, கொக்கியை எந்த இடத்தில் போட்டால் சாக்கு கிழியாது, லாரிக்குச் சாத்தியிருக்கிற பலகையில் எப்படி ஏறுவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. பழைய மேஸ்திரிக்கு முட்டி போய் வீட்டோடு உட்கார்ந்தபோது அடுத்த மேஸ்திரி யார்? முறைப்படி நான். சீனியர் நான்தானே. அவனைப் போட்டார்கள்!

ஏன் என்று கேட்டேன். "மாரப்பண்ணன் நல்ல ஆளுதான், ஆனா எல்லார்கிட்டயும் சண்டை போடுறாரே" என்றார்களாம். நான் யாரிடம் சண்டை போட்டேன்? தக்காளி மண்டிக்காரனிடம் போட்டேன், அவன் அயோக்கியன். லாரி டிரைவர்களிடம் போட்டேன், காதுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தார்கள். டீக்கடைக்காரனிடம் போட்டேன், அதை விடுங்கள். இதெல்லாம் ஒரு சண்டையா?

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். அவன் கீழேயே வேலை பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என் முன்னால் நின்றுகொண்டு வேறு ஒருத்தனிடம், "பல்லாரி வெங்காய லாரிக்கு அண்ணனைப் போகச் சொல்லுப்பா" என்பான். நானும் அந்த வேறு ஒருத்தனிடமே, "போறேன்னு சொல்லு" என்பேன். மூட்டை தூக்கும் காலம் முடிகிற வரைக்கும் இப்படித்தான் ஓட்டினோம்.

கிட்னி முதலில் எனக்குத்தான் போனது. அதிலும் நான்தான் சீனியர். நான் இங்கே வந்து நன்றாகப் பழகி, எந்தக் கட்டிலுக்குக் காற்று வரும், எந்த மெஷின் மக்கர் பண்ணும் என்று எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு இவன் வருகிறான். வந்து இதே கட்டிலில் படுத்தான். "அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்றான். கேட்கிற இடத்தைப் பாருங்கள். நான் எஸ்தர் சிஸ்டரைப் பார்த்து, "நல்லாருக்கேன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். "கைக்கெட்டுற தூரத்துல கிடக்கார், நீங்களே சொல்லுங்க. எனக்கு வேற வேலை இல்லையா?" என்று போய்விட்டார். வேறு வழி? நாலு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில். பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

இருங்கள். இந்தாருங்கள், ஒரு சுளை. தாண்டிக்குடி மலைக் கமலா ஆரஞ்சு. மற்ற நாளில் நமக்கு இது ஆகாது. இங்கே வந்து மெஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு சுளை, இரண்டு சுளை தின்னலாம். ஏறுகிற உப்பை மெஷின் எடுத்துவிடும். சிஸ்டரைக் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறேன். தின்னுங்கள்.

இந்தச் சுளையில்தான் சார் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

நாச்சிமுத்துவின் சம்சாரம் பழனாத்தாள் ஒரு பழம் கொண்டுவந்து உரித்து அவனுக்கு ஒரு சுளை, எனக்கு ஒரு சுளை கொடுக்கும். நான் வாயில் போட்டு, கடித்து, விழுங்கிவிட்டு அடுத்ததை எதிர்பார்ப்பேன். அடுத்தது கிடையாது. திரும்பிப் பார்த்தால் அவன் இன்னும் சுளையைக் கையில் வைத்து அதன் நாரை உரித்துக்கொண்டிருப்பான். அப்புறம் மோந்து பார்ப்பான். அப்புறம் ஒரு ஓரத்தைக் கடிப்பான். கண்ணை மூடுவான். நான் இங்கே எச்சில் ஊறக் கிடக்கிறேன், அவன் அங்கே விருந்து சாப்பிடுகிறான். ஒரே பழம்!

பழனாத்தாள் நல்ல சுளையாகப் பார்த்து அவனுக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். புருஷன் அல்லவா? ஒரு நாள் அந்தப் பெண் வெளியே போனதும் சொன்னேன்: "நாச்சிமுத்து, உன் சுளையைக் குடு, என்னோடத நீ எடுத்துக்க." ஒன்றும் கேட்காமல் கொடுத்தான். ஏற்கெனவே ஓரம் கடித்த சுளை. இருந்தாலும் வாங்கி வாயில் போட்டேன். சார், புளிப்பு! பல் கூசுகிற புளிப்பு.

"என்னய்யா இது, புளிக்குது!" என்றேன்.

"ஆமாண்ணே, புளிக்குது" என்றான். எப்படிச் சொன்னான் தெரியுமா? ஏதோ அவனுக்குப் பேரன் பிறந்த மாதிரி சொன்னான்.

புளிக்கிற பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறவனை நீங்கள் எதில் சேர்ப்பீர்கள்?

தண்ணீரிலும் அப்படித்தான். நமக்கு அளவுத் தண்ணீர் அல்லவா? என் அளவு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். சாயங்காலமெல்லாம் குழாயடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனைக் கேட்டால், "இன்னும் இருக்குண்ணே" என்பான். அவன் டம்ளரில் மட்டும் எப்படி மிச்சம் இருக்கும்? இங்கே எடை பார்க்கிறபோது தெரியும். எனக்கு மூன்று கிலோ, நாலு கிலோ ஏறியிருக்கும். அவனுக்கு அதில் பாதி. "நாச்சிமுத்து ஐயாவைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று சிஸ்டர் என்னிடம் சொல்வார். நான் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! எனக்குப் பின்னால் வந்தவனை!

என்னுடைய மெஷின்தான் கத்துகிறது, உங்களுடையது இல்லை. இப்போதெல்லாம் அடிக்கடி கத்துகிறது. கையிலிருந்து ரத்தம் வேகமாக வரவில்லை என்றால் கத்தும். சிஸ்டர் வந்து ஊசியைத் திருப்பி வைப்பார். பாருங்கள், வந்துவிட்டார்.

உங்கள் கையிலும் இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருப்பார்களே, அந்த இடத்தைக் காதில் வைத்தால் ஒரு இரைச்சல் கேட்கும். தேன்கூட்டில் காது வைத்த மாதிரி. ராத்திரி காதில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் இருக்கிறவரைக்கும் நாம் இருப்போம். என் இடது கையில் முதலில் தைத்தது நின்றுவிட்டது. இது இரண்டாவது. இதுவும் நின்றால் தைக்க இடமில்லை என்று டாக்டர் முன்னமே சொல்லிவிட்டார். பத்து நாளாக இரைச்சல் குறைந்திருக்கிறது. நாளைக்கு மதுரைக்குப் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும். அதுதான் சார், ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாளைக்கு அந்த ஸ்கேன்காரன் என்ன சொல்லப்போகிறானோ!

நாச்சிமுத்து என்ன செய்வான் தெரியுமா? அவனும் காதில் கையை வைப்பான். நான் வைப்பது இருக்கிறதா என்று பார்க்க. அவன் வைப்பது கேட்க. ரேடியோ கேட்கிற மாதிரி. "இரைச்சல் இருக்கா?" என்று நான் கேட்பேன். "இப்ப இருக்குண்ணே" என்பான். எப்போது கேட்டாலும் அதே பதில். இப்ப இருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்ப இருப்பது எனக்குத் தெரியாதா? நாளைக்கு இருக்குமா? அதையல்லவா மனுஷன் பார்க்க வேண்டும்?

ஒரு நாள் டாக்டர் வந்து அவன் பக்கத்தில் நின்றார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். "இதயம் ரொம்பப் பலவீனமாயிருச்சு. மெஷின் போட்டாலே பிரஷர் விழுது. இனிமே ரொம்ப நாள் போட முடியாது" என்றார். போட முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாச்சிமுத்து கேட்டான்: "இன்னைக்குப் போடலாங்களா?"

"இன்னைக்குப் போடலாம்."

"அப்பப் போடுங்க சார்."

அவ்வளவுதான்! நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அவன் பழனாத்தாளிடம் பழம் எங்கே என்று கேட்கிறான். சொன்னது அவனுக்கு. குளிர் எடுத்தது எனக்கு. அன்று ராத்திரி வீட்டில் என் சம்சாரம் ருக்குமணி, "என்னங்க இப்படி நடுங்குறீங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "மேஸ்திரிக்கு ஆயிருச்சு" என்றேன். "அவரைத்தான் உங்களுக்குப் பிடிக்காதே" என்றாள். பிடிக்காதுதான். அதற்காக?

அதிலிருந்து அவனை விடவில்லை நான். ஏதோ ஒன்று இவனிடம் இருக்கிறது, நமக்குக் காட்டாமல் வைத்திருக்கிறான் என்று தோன்றியது. எஸ்தர் சிஸ்டரிடம் போய், "அவனுக்குக் குடுக்கிற மாத்திரையை எனக்கும் எழுதித் தாங்க" என்றேன். "எந்த மாத்திரை?" "பயத்துக்குக் குடுக்கிறீங்களே, அது." சிஸ்டர் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் ஐயா." சரி, மாத்திரை இல்லை. சாமியாராக இருக்கும். பழனாத்தாளைத் தனியாக மடக்கிக் கேட்டேன்.

"சாமியாரும் இல்லை, மந்திரமும் இல்லைங்க" என்றது அந்தப் பெண். "மொதல்ல ராத்திரி பூரா அழுதாருங்க. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாரு. அப்புறம் எப்படி நின்னுச்சோ, எனக்கும் தெரியலை."

அழுதிருக்கிறான்! அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் நின்றுவிட்டதே. என்னுடையது நிற்கவில்லையே.

கடைசியில் அவனிடமே கேட்டேன். "நாச்சிமுத்து, உனக்குப் பயமே இல்லையா?"

"வருதுண்ணே. வந்துட்டுப் போகுது."

"எப்படிய்யா போகுது? எனக்கு வந்தது உட்கார்ந்து சோறு தின்னுட்டுல்ல இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானேண்ணே."

"நானா?"

"பலகையில ஏறும்போது சொல்லுவீங்களே. மேல லாரியைப் பார்க்காதே, கீழ தரையைப் பார்க்காதே, மிச்ச மூட்டையை எண்ணாதே, கால் வைக்கிற எடத்தைப் பாருன்னு. மொத நாள் நான் நடுப்பலகையில நின்னு நடுங்குனப்ப நீங்க கீழ இருந்து கத்துனீங்க. இப்பவும் அதைத்தான் பண்றேன். சுளை வாயில இருந்தா சுளை. தண்ணி வாயில இருந்தா தண்ணி. அவ்வளவுதாண்ணே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதாம். என் வாயிலிருந்து வந்ததாம். அதை எடுத்துக்கொண்டு போய் இவன் நிம்மதியாக இருக்கிறான், சொன்ன நான் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி வேலையை எடுத்தான், இதையும் எடுத்தான். "நான் சொன்னது மூட்டைக்குய்யா! சாவுக்கு இல்லை!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் சிரித்துவிட்டு, "எல்லாம் கனந்தானேண்ணே" என்றான்.

வீட்டுக்குப் போய் நானும் செய்து பார்த்தேன் சார். மறைக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர், தண்ணீர் என்று நினைத்தேன். நாச்சிமுத்து இதை என்னைவிட நன்றாகச் செய்வான் என்று ஒரு நினைப்பு வந்தது. தண்ணீர் எப்போது உள்ளே போனது என்றே தெரியவில்லை.

கடைசியாக அவன் இங்கே வந்த அன்று மெஷின் போட்டதும் பிரஷர் விழுந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசியை எடுத்தார்கள். டாக்டர் வெளியே பழனாத்தாளிடம் பேசினார். இவன் எழுந்து இங்கே, இதோ இந்த ஓரத்தில் உட்கார்ந்து பழத்தை உரித்தான். சிஸ்டர் பார்த்துக்கொண்டே போனார், ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஒரு சுளை எடுத்துக்கொண்டு மீதிப் பழம் பூராவும் என் கையில் வைத்தான்.

"எனக்கு எதுக்குய்யா இவ்வளவு?"

"உங்களுக்குத்தான் மெஷின் ஓடுதே."

அப்புறம் வழக்கம்போலக் கையைக் காதில் வைத்தான். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "இரைச்சல் இருக்கா?"

"இப்ப இருக்குண்ணே" என்றான்.

பழனாத்தாள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. வாசலில் செருப்பைப் போடுகிறபோது இரண்டு காலையும் பார்த்து நிதானமாகப் போட்டான். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் மீதிப் பழத்தைத் தின்னவே இல்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழனாத்தாள் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்ததாம், இவன் கட்டிலில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். "கொட்டை விழுற சத்தம் நல்லாருக்கு பழனா" என்றானாம். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் உயிர் இல்லை.

போனேன். போகாமல் இருந்தால் மார்க்கெட்டில் பேச்சு வரும். முகத்தைப் பார்த்தேன். மூட்டையை இறக்கிவிட்டு அப்போதுதான் துண்டால் துடைத்துக்கொண்ட முகம். நான் எத்தனை முகம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு முகம் பார்த்ததில்லை. எனக்கு இது கிடைக்குமா என்று நினைத்தேன். செத்தவன் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனும் உலகத்தில் உண்டா சார்? நின்றேனே.

எங்கள் ஆட்களில் ஒருத்தன் செத்தால் பாடையை நாங்கள்தான் தூக்குவோம். வெளியாள் தோள் கொடுக்க விட மாட்டோம். தலைமாட்டில் வலது பக்கம் சீனியருக்கு. தங்கராசு போய் நின்றான். அவன் நேற்று வந்தவன்! "தள்ளுடா" என்றேன். "அண்ணே, உங்க கை..." என்றான். இந்தக் கையில் கனம் படக் கூடாது என்று சிஸ்டர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு பை தூக்கக் கூடாது. அதற்காக, மேஸ்திரி பதவியைத்தான் அவனுக்கு விட்டேன், அந்த இடத்தைத் தங்கராசுவுக்கு விடுவேனா? தோளைக் கொடுத்து, இந்தக் கையால் கழியைப் பிடித்தேன்.

வீட்டிலிருந்து சுடுகாடு நல்ல தூரம். சரளைக்கல் ரோடு, நடுவில் ஒரு ஓடை, அதற்கு மேலே குறுகலாக ஒரு பாலம். விசித்திரம் என்னவென்றால், அந்த வழி பூராவும் எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. கையும் இல்லை, கிட்னியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். கல் இருந்தது, சாணி இருந்தது, ஒரு இடத்தில் எறும்பு வரிசை, அதைத் தாண்டி வைத்தேன். இறக்கி வைத்த பிறகுதான் அழுதேன் என்று தங்கராசு சொல்கிறான். வியர்வையைப் பார்த்திருப்பான்.

அதற்குப் பிறகுதான் இரைச்சல் குறைந்தது. பாடை தூக்கினதை ருக்குமணியிடம் சொல்லவில்லை. எஸ்தர் சிஸ்டரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

பாருங்கள், செத்த பிறகும் என்னை என்ன பாடு படுத்துகிறான்.

என்ன, மணி அடிக்கிறது? என்னுடையதா? முடிந்துவிட்டதா? அதற்குள் நாலு மணி நேரமா! அந்தக் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறதா? நான் பார்க்கவே இல்லையே.

வாங்க சிஸ்டர். எடுங்க. அழுத்திப் பிடிச்சிருக்கேன், நல்லாத்தான் பிடிச்சிருக்கேன். ஆமா, நாளைக்குத்தான் மதுரை. காலையில வண்டி. இரைச்சலா? இருங்க, கேட்டுச் சொல்றேன்.

சார், கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

...

இருக்கு சிஸ்டர். இப்ப இருக்கு.

என்ன சார்? எதற்குச் சிரிக்கிறீர்கள்? நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? ஊசி குத்திய கை, குலுங்கிச் சிரிக்காதீர்கள், மெஷின் கத்தும். நல்ல ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள் பக்கத்தில்.

சரி, அடுத்த தடவை பழம் நீங்கள் வாங்கி வாருங்கள். புளித்தாலும் பரவாயில்லை. ஆனால் முதல் சுளை எனக்கு. இங்கே நான்தான் சீனியர்.